கார்ல சாதா பல்பை எடுத்துட்டு எல்இடி போடறது எப்படி, ரூம் லைட்ல இருந்து ஹெட்லைட் வரைக்கும்

வண்டில எல்இடி மாத்தணும்னு தோணின உடனே எல்லாரும் நேரா ஹெட்லைட்டுக்குத்தான் போறாங்க. நானும் அப்படித்தான் போனேன், முதல் ராத்திரியே எதிர்ல வர்றவங்க எல்லாம் எனக்கு டிப் அடிச்சு காமிச்சாங்க, மறுநாள் காலையில கழட்டிட்டேன். அதுக்கப்புறம் உள்ள இருக்கற சின்ன பல்புல இருந்து ஒவ்வொண்ணா மாத்திப் பழகினப்பதான் எது ஏன் அப்படி நடக்குதுன்னு புரிஞ்சுது. அதனால இங்க வரிசையை மாத்தி சொல்றேன், ரூம் லைட் முதல்ல, ஹெட்லைட் கடைசில.

ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க, மீதி எல்லாம் அதுல இருந்துதான் வருது. உங்க வண்டில இருக்கற லைட் ஒவ்வொண்ணும் ஃபிலமென்ட் பல்பை, அதாவது உள்ள மெல்லிசான கம்பி சூடாகி எரியற சாதா பல்பை நம்பித்தான் கட்டியிருக்கு. அது இவ்வளவு கரண்ட் இழுக்கும்னு நம்பி ஃபிளாஷர் (இண்டிகேட்டரை அணைச்சு அணைச்சு எரிய விடற கருவி) வேலை செய்யுது, அது முன்பக்கமா சூடு விடும்னு நம்பி லென்ஸ் பண்ணியிருக்கு, ஃபிலமென்ட் சரியா இந்த இடத்துலதான் இருக்கும்னு நம்பி ரிஃப்ளெக்டரை வளைச்சிருக்கு. எல்இடி போட்டா கரண்ட், சூடு, வெளிச்சம் வர்ற இடம் மூணுமே மாறிடும். பின்னாடி வர்ற எல்லா பிரச்சனையும், இண்டிகேட்டர் படபடன்னு அடிக்கறது, டேஷ்போர்டுல வார்னிங் வர்றது, எதிர்ல வர்றவன் கண்ணு கூசறது எல்லாமே, இந்த மூணுல ஏதோ ஒண்ணுதான்.

வாங்கறதுக்கு முன்னாடி பல்போட நம்பரைப் பாருங்க. வண்டியோட கையேட்டுல இருக்கும், இல்லன்னா பழைய பல்பைக் கழட்டினா அடிப்பாகத்துல அச்சடிச்சிருக்கும், நான் எப்பவும் கழட்டித்தான் பார்ப்பேன், ஏன்னா முன்னாடி வச்சிருந்தவர் என்ன மாத்தியிருக்காரோ தெரியாது. பார்க்கிங் லைட், நம்பர் பிளேட் லைட்ல பெரும்பாலும் டபிள்யூ5டபிள்யூன்னு ஒண்ணு இருக்கும், அதைத்தான் டி10ன்னும் சொல்றாங்க, 5 வாட். பிரேக், ரிவர்ஸ்ல பி21டபிள்யூ, 21 வாட். பிரேக்கும் டெயிலும் ஒரே பல்புல வந்தா பி21/5டபிள்யூ, அதுக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட், 21 வாட் ஒண்ணு 5 வாட் ஒண்ணு. ஆரஞ்சு இண்டிகேட்டர் பல்பு பிஒய்21டபிள்யூன்னு வரும், பார்க்க பி21டபிள்யூ மாதிரியே இருக்கும் ஆனா அதோட ரெண்டு பின்னும் நேர் எதிரா இருக்காது, ஒரு பக்கமா தள்ளி இருக்கும், அதனால மாத்தி வாங்கிட்டா ஹோல்டர்ல உக்காராது, உக்காரலன்னு அழுத்தித் திருகினா ஹோல்டர்தான் உடையும். ஹெட்லைட்ல எச்4, எச்7, எச்11 மாதிரி எதாவது ஒண்ணு இருக்கும்.

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப், லைட் ஆஃப், சாவி வெளியே. இப்பதான் ஓட்டிட்டு வந்தீங்கன்னா ஒரு இருபது நிமிஷம் ஆற விடுங்க, ஹெட்லைட்ல வர்ற ஹாலோஜன் பல்பு, அதுவும் ஃபிலமென்ட் பல்புதான், தொட்டா தோல் வெந்துடும். பழைய ஹாலோஜனைத் தூக்கிப் போடாம எடுத்து வைக்கப் போறீங்கன்னா கண்ணாடில விரல் படாம பிடிங்க, விரல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினா அந்த இடம் மட்டும் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும்.

இப்ப ரூம் லைட். ரெண்டு முனையிலும் கூம்பு மாதிரி மூடி வச்ச நீள பல்புதான் நிறைய வண்டில இருக்கும், ஃபெஸ்டூன்னு சொல்வாங்க. இதுல நீளம்தான் முக்கியம், 31, 36, 39, 41 மில்லிமீட்டர்னு வரும், ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்குங்க. ஒரு சைஸ் சின்னதா வாங்கிட்டு ஹோல்டர் தகட்டை வளைச்சு மாட்டறது வேண்டாம், கொஞ்ச நாள்ல குலுங்கிக் குலுங்கி கான்டாக்ட் விட்டுப் போகும். கவரைக் கழட்ட பிளாஸ்டிக் பட்டை எதாவது வச்சு நெம்புங்க. இரும்பு ஸ்குரூடிரைவர்தான் இருக்குன்னா ரூம் லைட்டோட ஃபியூஸை முதல்ல எடுத்துடுங்க, ஏன்னா சாவி எடுத்த பிறகும் ரூம் லைட்டுக்கு கரண்ட் வந்துக்கிட்டுதான் இருக்கும், தகடு ரெண்டையும் ஸ்குரூடிரைவர் ஒண்ணா தொட்டுச்சுன்னா ஃபியூஸ் போயிடும்.

மாட்டியாச்சு, எரியலையா? பல்பு போச்சுன்னு நெனக்காதீங்க. எடுத்துத் திருப்பிப் போடுங்க. ஃபிலமென்ட்டுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் எரியும், ஆனா எல்இடிக்கு உண்டு, ஒரே பக்கமாத்தான் கரண்ட் போகும். இது டி10க்கும் பொருந்தும், அப்படியே இழுத்து வெளியே எடுத்து அரைச்சுத்து திருப்பிச் செருகினா எரியும். நல்ல பல்புகள்ல எந்தப் பக்கம் போட்டாலும் எரியற மாதிரி உள்ளயே சர்க்யூட் இருக்கும், ஆனா அதை நம்பாம கவரைத் திரும்ப மூடறதுக்கு முன்னாடியே எரியவச்சுப் பாத்துடுங்க.

ரூம் லைட்ல இன்னொண்ணு. ஆஃப் பண்ணின பிறகும் எல்இடி லேசா மினுக்மினுக்னு எரியலாம். ஸ்விட்ச் வழியாவோ கன்ட்ரோல் பாக்ஸ் வழியாவோ கொஞ்சூண்டு கரண்ட் எப்பவும் கசிஞ்சுக்கிட்டே இருக்கற வண்டிங்க உண்டு, அது ஃபிலமென்ட்டை சூடாக்கப் பத்தாது, எல்இடிக்குப் போதும். ஆபத்து இல்ல, ஆனா ராத்திரி ஓட்டும்போது கண்ணை உறுத்தும், உள்ளயே லோடு ரெசிஸ்டர் (கூடுதலா கொஞ்சம் கரண்ட் இழுக்கற பாகம்) வச்ச பல்பு போட்டா போயிடும்.

பார்க்கிங், நம்பர் பிளேட் லைட் ரெண்டும் ரூம் லைட் மாதிரிதான், ஹோல்டரைக் கால் சுத்து திருகி வெளியே எடு, பல்பை நேரா இழு, புதுசை செருகு. பல்பு நீளமா இருந்தா உள்ள லென்ஸ்ல இடிக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

பின்னாடி லைட்டுக்கு வருவோம். சிவப்பு லென்ஸுக்குப் பின்னாடி சிவப்பு எல்இடிதான் போடணும், ஆரஞ்சு லென்ஸுக்குப் பின்னாடி ஆரஞ்சு. சாதா பல்பு வெளிச்சத்துல சிவப்பு, மஞ்சள் நிறையவே இருக்கும், லென்ஸ் மத்ததை வடிகட்டிட்டு சிவப்பை வெளியே விடும். வெள்ளை எல்இடியோட கதை வேற, நீல எல்இடி மேல மஞ்சளா ஒளிர்ற பாஸ்பர்ங்கற பூச்சு பூசித்தான் அதுல வெள்ளையே வருது, அதுல அடர் சிவப்பு கம்மி. அதனால சிவப்பு லென்ஸுக்குப் பின்னாடி அதைப் போட்டா வெளிய ரோஸ் கலர்ல மங்கலா தெரியும். எல்இடியே சிவப்பா இருந்தா பெரும்பகுதி வெளிச்சம் லென்ஸைத் தாண்டி வந்துடும்.

பிரேக் லைட்டுக்கு எல்இடி போடறதுல நிஜமான ஒரு லாபம் இருக்கு, அதுக்காகவே நான் யாருக்கும் இதை சொல்வேன். ஃபிலமென்ட் சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர கிட்டத்தட்ட 0.2 செகண்ட் ஆகும், எல்இடி உடனே எரியும். மணிக்கு 100 கிலோமீட்டர்ல பின்னாடி ஒருத்தர் வந்தா அந்த 0.2 செகண்ட்ல அவர் வண்டி அஞ்சரை மீட்டர் ஓடியிருக்கும், ஒரு காரோட நீளத்தை விட அதிகம். உங்க பிரேக் லைட்டை அவர் அவ்வளவு சீக்கிரம் பாக்கறாரு. ஆனா பிரேக்கும் டெயிலும் ஒரே பல்புல இருந்தா ரெண்டுக்கும் நடுவுல வெளிச்ச வித்தியாசம் பளிச்சுன்னு தெரியணும். மட்டமான பல்புல டெயிலே பிரேக் அளவுக்கு எரியும், பிரேக் அழுத்தினா பின்னாடி இருக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது, அப்படி இருந்தா லாபம் போய் நஷ்டம் வந்துடும். ராத்திரி லைட்டைப் போட்டுட்டு வேற ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி நீங்க ஒரு முப்பது மீட்டர் பின்னாடி போய் நேராவும் சாய்வாவும் நின்னு பாருங்க. எல்லா பக்கமும் எல்இடி சிப் வச்ச பல்புதான் சாய்வா பாக்கும்போதும் நல்லா தெரியும், முனையில மட்டும் சிப் இருந்தா பக்கவாட்டுல மங்கிடும். ரிவர்ஸ் லைட்டுக்கு யோசிக்கவே வேண்டாம், நல்ல வெள்ளை எல்இடியா போடுங்க, பின்னாடி கேமரா இருந்தா ராத்திரில படம் எவ்வளவு தெளிவா வருதுன்னு நீங்களே பாப்பீங்க.

இண்டிகேட்டர்லதான் நிறைய பேர் சிக்கறாங்க. எல்இடி போட்ட உடனே அந்தப் பக்கம் இண்டிகேட்டர் வழக்கத்தை விட ரெட்டிப்பு வேகத்துல அடிக்கும். கெட்டுப் போகல, அது வேணும்னே வச்ச எச்சரிக்கை. 21 வாட் பல்பு 12 வோல்ட்ல 1.75 ஆம்பியர் இழுக்கும், முன்னாடி பின்னாடி ரெண்டு சேர்ந்தா மூணரை ஆம்பியர், எல்இடி அதுல ஒரு சின்னப் பங்குதான் இழுக்கும், அதைப் பாத்ததும் ஃபிளாஷர் 'ஒரு பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சு, டிரைவருக்குச் சொல்லணும்'னு வேகமா அடிக்க ஆரம்பிக்குது.

இதுக்கு வழி ரெண்டு. ஃபியூஸ் பாக்ஸ்லயோ டேஷ்போர்டுக்கு அடியிலயோ ஃபிளாஷர் ரிலே தனியா செருகற மாதிரி இருக்கற வண்டின்னா எல்இடிக்குன்னே வர்ற எலெக்ட்ரானிக் ஃபிளாஷரை வாங்கி மாத்திடுங்க, பின் எண்ணிக்கையும் பின் வரிசையும் பழசோட ஒத்துப் போகுதான்னு பாத்து. சுத்தமான வேலை இதுதான். ஃபிளாஷர் தனியா இல்லாம வண்டியோட கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ளயே இருந்தா லோடு ரெசிஸ்டர் போட வேண்டி வரும், பல்புக்கு வர்ற ரெண்டு வயருக்கும் குறுக்கே, ஒரு பல்புக்கு ஒண்ணு, சாதாரணமா 6 ஓம் 50 வாட்ன்னு கிடைக்கும். அந்த ரெசிஸ்டர் பண்றது என்னன்னா, எல்இடி மிச்சம் பண்ணின கரண்ட் முழுக்க சூடா எரிச்சு 'இங்க பழைய பல்பு இருக்கு'ன்னு காட்டறது. இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் பதிமூணரைக்கு மேல போகும், அப்ப 6 ஓம்ல 30 வாட் சூடு. அதனால இதை வண்டியோட இரும்புத் தகட்டுல ஸ்குரூ போட்டு முடுக்கணும், பிளாஸ்டிக் மேலயோ வயர் கட்டு மேலயோ கார்பெட்டுக்குப் பின்னாடியோ டேப் சுத்தி தொங்க விடவே கூடாது. இண்டிகேட்டர்ல அணைஞ்சு அணைஞ்சு எரியறதால பாதிச் சூடுதான், அப்பவும் நாலு பக்கமும் ஹசார்ட் போட்டு கால் மணி நேரம் நின்னா தொட முடியாது. வெறும் வார்னிங் லைட் வருதேன்னு பிரேக் லைட்டுக்கு ரெசிஸ்டர் போடறவங்களும் உண்டு, சிக்னல்ல பிரேக்கை மிதிச்சுட்டு நிக்கற நேரம் பூரா அது முழுசா காயும், அதை நான் செய்ய மாட்டேன்.

புது வண்டிகள்ல பல்பு போச்சுன்னா டேஷ்போர்டே சொல்லும். இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் சின்னச் சின்ன துடிப்பா கரண்ட் அனுப்பி பல்பு இருக்கான்னு பாக்கும், ஃபிலமென்ட்ல அது கண்ணுக்குத் தெரியாது, எல்இடி அந்தத் துடிப்புக்கே மினுக்கும். பல்பு அட்டைல கேன் பஸ்னு (வண்டியோட கம்ப்யூட்டர்கள் பேசிக்கற வயர் இணைப்போட பேரு) எழுதியிருக்கறது இதுக்குத்தான், உள்ளயே கொஞ்சம் லோடு வச்சிருப்பாங்க. ஆனா அந்த வார்த்தை அட்டைல இருக்குன்னா உங்க வண்டில வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல, அதனால முதல்ல ஒரு ஜோடி மட்டும் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, மொத்தமா வாங்காதீங்க.

இப்ப ஹெட்லைட். இங்க நிதானமா வாங்க, மத்த லைட்ல தப்பு பண்ணினா உங்களுக்குத்தான் தொல்லை, இதுல தப்பு பண்ணினா எதிர்ல பைக்ல வர்றவர் கண்ணு தெரியாம பள்ளத்துல இறங்குவாரு.

ஹாலோஜனுக்குன்னு பண்ணின ஹெட்லைட்ல எல்இடி போடறதை நிறைய நாட்டுச் சட்டம் ஒத்துக்கறதில்ல, ஏன்னா அந்த லைட்டை அந்த பல்போட சேர்த்துத்தான் பரிசோதிச்சு அனுமதி குடுத்திருப்பாங்க. ஜெர்மனில 2020ல ஒஸ்ராம் கம்பெனியோட எச்7 எல்இடி பல்புக்கு அனுமதி கிடைச்சுது, அதுவும் எல்லா காருக்கும் இல்ல, பட்டியல்ல இருக்கற மாடலுக்கு மட்டும். அதுல இருந்தே புரியுது பாருங்க, ஒரே பல்பு ஒரு ஹெட்லைட்ல சரியா விழும், இன்னொண்ணுல சிதறும். உங்க ஊர்ல சட்டம் என்ன சொல்லுது, இன்சூரன்ஸ், வருஷாந்திர சோதனை என்ன ஆகும்னு விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. சட்டம் இடம் குடுக்கலன்னா இங்கயே நிறுத்திக்கலாம், புது நல்ல ஹாலோஜனும் பாலிஷ் போட்ட லென்ஸும் சேர்ந்தே பெரிய வித்தியாசம் காட்டும்.

இடம் குடுக்குதுன்னா, வாங்கும்போது லூமன் நம்பரை, அதாவது மொத்த வெளிச்சத்தோட அளவைப் பாத்து மயங்காதீங்க. எச்7 ஹாலோஜன் 1500 லூமன், எச்4 டிப்ல (எதிர்ல வர்றவங்களுக்குக் கூசாத தாழ்ந்த வெளிச்சம்) 1000, ஹை பீம்ல 1650. இருபதாயிரம் லூமன்னு அட்டைல போட்டிருக்கற பல்பு இழுக்கறது 25 வாட்டா இருந்தா அது நடக்காத கணக்கு, ஒரு வாட்டுக்கு 100 லூமன்னு தாராளமா வச்சாலும் 2500தான் வரும். நீங்க பாக்க வேண்டியது சிப் எவ்வளவு மெல்லிசா இருக்கு, பழைய ஃபிலமென்ட் இருந்த அதே தூரத்துல, அதே நீளத்துல இருக்கான்னுதான். பழைய பல்பையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுடும். ரிஃப்ளெக்டர் அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் வளைஞ்சிருக்கு, ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வெளிச்சம் வேற எங்கயோ போகும்.

கலரும் அப்படித்தான். வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்ல சொல்வாங்க, ஹாலோஜன் 3200 கெல்வின் கிட்ட மஞ்சளா இருக்கும், எல்இடி பெரும்பாலும் 6000ல வெள்ளையா வரும். காஞ்ச ரோட்டுல அழகா இருக்கும், ஆனா ஈர ரோட்டுலயும் மூடுபனிலயும் நீலம் கலந்த வெள்ளை கண்ணைத்தான் உறுத்தும், ரோடு தெரியாது. 4300 பக்கம் கிடைச்சா அதை எடுங்கன்னுதான் சொல்வேன்.

மாட்டறதுக்கு முன்னாடி சமதளமான இடத்துல சுவருக்கு அஞ்சு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, பழைய டிப் லைட்டைப் போட்டு, வெளிச்சம் முடியற கோடு எங்க விழுதோ அங்க டேப் ஒட்டி வச்சுடுங்க. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் மாத்துங்க. பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டுக்குப் பின்னாடி ரப்பர் மூடியைக் கழட்டி, கப்ளரை நேரா இழுத்து, பல்பைப் பிடிச்சிருக்கற கம்பி கிளிப்பை அழுத்தி விடுவிச்சா பல்பு வெளியே வரும். எல்இடியோட காலரை, அதாவது அதோட அடியில இருக்கற வளையத்தை முதல்ல தனியா மாட்டி கிளிப் போட்டுட்டு, அதுக்குள்ள பல்பை விட்டுத் திருகற மாதிரிதான் நிறைய பல்பு வரும். எச்7க்கு சில வண்டில தனியா அடாப்டர் வேணும், அது இல்லாம ஆடிக்கிட்டே இருக்கும்.

திருகும்போது சிப் ரெண்டும் சரியா இடம் வலம் பாத்து நிக்கணும், கடிகாரத்துல 3ம் 9ம் மாதிரி. மேலயும் கீழயும் பாத்து நின்னா கோடே விழாது, முழுக்கச் சிதறும். எச்4ல டிப் சிப்புக்கு அடியில சின்னதா ஒரு தகட்டுக் கிண்ணம் இருக்கும், அது கீழ்ப்பக்கம் இருக்கணும், வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட மேல் பாதிக்கு மட்டும் போகத்தான் அது. நான் முதல் தடவை தப்பு விட்டது இந்த இடத்துலதான், பல்பு நல்லா உக்காந்துடுச்சுன்னு நெனச்சு திரும்பிக்கூட பாக்கல.

பின்னாடி ஃபேனோ ஹீட்சிங்கோ இருக்கும். எல்இடியும் சூடாகும், வித்தியாசம் என்னன்னா அது பின்பக்கமா சூடாகும், அந்தச் சூடு வெளிய போகலன்னா வெளிச்சம் தானா குறையும். ரப்பர் மூடி ஃபேன்ல இடிச்சா மூடியில ஓட்டை போடறது, மூடாமலே விடறதுன்னு பண்றாங்க, அப்புறம் தூசியும் ஈரமும் உள்ள போய் ரிஃப்ளெக்டர் மங்கிடும், மாத்தவே முடியாது. மூடி மூடற அளவு சின்ன பல்பா பாருங்க, இல்லன்னா அதுக்குன்னு வர்ற நீள மூடி வாங்குங்க.

இப்ப ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு. சுவர்ல ரெண்டையும் ஒவ்வொண்ணா துணி போட்டு மறைச்சுப் பாருங்க. புதுசோட கோடு டேப் மேலயே, அதே உருவத்துல, கூர்மையா விழணும். கோடு ஒட்டுமொத்தமா கொஞ்சம் மேலயோ கீழயோ இருந்தா ஹெட்லைட் அட்ஜஸ்ட் ஸ்குரூவைத் திருகி டேப்புக்குக் கொண்டு வந்துடலாம். ஆனா கோட்டுக்கு மேல திட்டுத் திட்டா வெளிச்சம் தெறிச்சா ஸ்குரூ திருகி அதை சரி பண்ண முடியாது, பல்பை இன்னும் கொஞ்சம் சுத்திப் பாருங்க, அப்பவும் தெறிச்சா அந்த பல்பு அந்த ஹெட்லைட்டுக்கு ஆகாது, திருப்பிக் குடுத்துடுங்க. நடு இருட்டா, பக்கத்துல மட்டும் பளீர்னு இருந்தாலும் வேண்டாம், வண்டிக்கு முன்னாடி பத்து மீட்டர் ரொம்ப வெளிச்சமா இருந்தா கண்ணு அதுக்குப் பழகிடும், தூரம் இன்னும் இருட்டா தெரியும்.

கோடு சரியா விழுந்தா இருபது நிமிஷம் எரியவிட்டு மறுபடி பாருங்க, சூடானதும் மங்குதான்னு அப்பதான் தெரியும். எஃப்எம் ரேடியோவையும் போட்டுப் பாருங்க, எல்இடிக்கு கரண்டை சீராக்கிக் குடுக்கற டிரைவர் சர்க்யூட் மட்டமா இருந்தா லைட் போட்ட உடனே இரைச்சல் வரும். ஹை பீம் மாத்தி மாத்தி அடிச்சுப் பாருங்க. எல்லாம் சரின்னாதான் ரெண்டாவது பக்கம். பனி விழற ஊர்ல ஓட்டறவங்களுக்கு ஒண்ணு, ஹாலோஜனோட சூடு லென்ஸ் மேல படியற பனியைக் கரைச்சுடும், எல்இடி கரைக்காது, நடுநடுவுல இறங்கித் துடைக்கணும்.

கடைசியா ஒருத்தரை உங்க வண்டில உக்கார வச்சு டிப் போடச் சொல்லிட்டு, நீங்க எதிர்ல ஒரு ஐம்பது மீட்டர் போய், கார் சீட்ல உக்காந்தா கண்ணு இருக்கற உயரத்துக்குக் குனிஞ்சு நேரா பாருங்க. கூசினா கழட்டிடுங்க. கழட்டின ஹாலோஜன் ரெண்டையும் அட்டைப் பெட்டில வச்சு டிக்கில போட்டு வைங்க, எல்இடியோட ஃபேன் என்னிக்காவது நடுவழியில நின்னு போச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல பழசை மாட்டிட்டுக் கிளம்பலாம்.